கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவது எப்படி?

கேள்வி இதுதான்: தேடுபொறி, சமூக வலைத்தளம், வீடியோ தளம், பொருள் வாங்கும் தளம் என்று எதை எடுத்தாலும் முதல் சில வருடங்கள் அருமையாக இருக்கிறது. அப்புறம் பார்த்தால் எங்கும் விளம்பரம், குப்பை, கேட்காத நோட்டிஃபிகேஷன், நாலு அடிக்கு ஒருமுறை 'பிரீமியம் வாங்குங்கள்' என்று வழிமறிப்பு. ஏன் எல்லாமே இப்படி ஆகிறது? நடத்துகிறவர்களுக்குப் பேராசை பிடித்துவிடுகிறதா, இல்லை நமக்குத்தான் வயதாகி 'அந்தக் காலத்தில்' என்று புலம்ப ஆரம்பித்துவிட்டோமா?

இரண்டாவது சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதைப் பிறகு பேசுகிறேன். பேராசை என்ற பதில் எனக்கு என்றைக்குமே போதவில்லை. பேராசை முதல் நாளே இருந்ததே? தளம் அருமையாக இருந்த காலத்தில் அதில் பணம் போட்டவர் ஒன்றும் தர்மம் செய்ய வந்தவர் இல்லை. ஆசை அப்படியே இருக்க, நடத்தை மட்டும் மாறுகிறது என்றால் மாறியது வேறு ஏதோ. ஒரு தளம் நமக்குக் கொடுக்கும் தரம் என்பது, நாம் எழுந்து போய்விடுவோமோ என்று அதற்கு இருக்கும் பயத்தின் அளவுதான் என்பது என் எண்ணம். பயம் குறையக் குறையத் தரமும் இறங்குகிறது, யாரும் கெட்டவராக மாற வேண்டிய அவசியமே இல்லாமல்.

இந்தச் சரிவுக்கு ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை கலந்து ஒரு பெயரே இருக்கிறது, என்ஷிட்டிஃபிகேஷன். கோரி டாக்டரோவ் என்ற எழுத்தாளர் 2022-ல் உருவாக்கியது. அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி அதை 2023-ன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அவர் சொல்லும் வரிசை சுருக்கமாக இப்படி: தளம் முதலில் பயனர்களைத் தாங்கு தாங்கென்று தாங்கும், அவர்கள் சிக்கியதும் அவர்களைப் பிழிந்து வியாபாரிகளுக்குக் கொடுக்கும், வியாபாரிகளும் சிக்கியதும் இரண்டு பேரையும் பிழிந்து தானே எடுத்துக்கொள்ளும். வரிசை சரிதான். ஆனால் இதைக் கேட்கிற பலருக்கு, யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து திட்டம்போட்டுச் செய்வது போல ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. ஒன்பது வருடம் ஒரு செயலி நிறுவனத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு அறையை நான் பார்த்ததே இல்லை. பார்த்தது என்ன என்று பிறகு சொல்கிறேன். முதலில் கூகுள், ஏனென்றால் அங்கேதான் எழுத்தில் சாட்சி நிறைய இருக்கிறது.

செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் மாணவர்களாக இருந்தபோது, 1998-ல், தங்கள் தேடுபொறியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுகிறவரின் தேவையை விட்டு விலகும் என்று அதன் பின்னிணைப்பில் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டே வருடத்தில், 2000 அக்டோபரில், விளம்பரம் கொடுப்பவர்கள் தாங்களே வந்து வாங்கிக்கொள்ளும் கடையைத் திறந்துவிட்டார்கள். இதைக் காட்டிக் கிண்டல் செய்வது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த விளம்பரங்கள் ஆரம்பத்தில் எவ்வளவு அடக்கமாக இருந்தன என்பது. மேலே வருகிற விளம்பரங்களுக்குப் பின்னால் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும், பார்த்தவுடன் 'இது காசு கொடுத்து வந்தது' என்று தெரிந்துவிடும். 2013 வாக்கில் பட்டை போய், சின்னதாக ஒரு மஞ்சள் முத்திரை வந்தது. 2016-ல் முத்திரை பச்சையானது. பக்கத்திலேயே இருக்கும் இணைய முகவரியும் பச்சை. 2020-ல் நிறமே போய் வெறும் கறுப்பு எழுத்து. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் இதற்குப் போயா கோபப்படுவது என்றுதான் தோன்றும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அது இந்த மாதிரி சமாச்சாரம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 2015-ல் அதே கூகுளின் பொறியாளர்கள் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மோசமான விளம்பரங்களை நிறையக் காட்டினால் இன்றைக்கு வருமானம் ஏறும், ஆனால் பார்க்கிறவர்கள் அதற்குப் பழகிப்போய் விளம்பரத்தைத் தொடுவதையே மெல்ல மெல்ல விட்டுவிடுவார்கள், அதனால் நாளடைவில் நஷ்டம், இதை அளந்து காட்ட முடியும் என்றார்கள். அளந்தும் காட்டினார்கள். அந்தக் கணக்கை நம்பி மொபைல் தேடலில் விளம்பர அளவைப் பாதியாகக் குறைத்ததாகவும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. அதாவது, நிதானமாகப் பயனரை மதித்து நடப்பது எப்படி என்று அந்த நிறுவனத்துக்கு நன்றாகவே தெரியும். அதற்கான கருவியும் கையில் இருந்தது.

அப்புறம் 2020. அமெரிக்க அரசு தொடர்ந்த ஏகபோக வழக்கில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பில் ஒரு விஷயம் வருகிறது. தேடலின் தரத்தை வேண்டுமென்றே குறைத்தால் என்ன ஆகும் என்று கூகுள் 2020-ல் ஓர் ஆய்வு செய்திருக்கிறது. தரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் தேடலில் வரும் வருமானம் போகாது என்று முடிவு வந்திருக்கிறது. பயனர்கள் வேறு இடம் போய்விடுவார்களோ என்ற கவலையே இல்லாமல் ஒரு நிறுவனம் தன் பொருளை மாற்ற முடிகிறது என்றால், அது ஏகபோகம் கையில் இருப்பவர்களால் மட்டும் முடிகிற காரியம் என்பது நீதிபதியின் கருத்து. மேல்முறையீடு செய்வோம் என்று கூகுள் சொன்னது, அது அவர்கள் உரிமை. ஆனால் ஆய்வு ஆய்வுதான். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்பதற்கும் அதே வழக்கில் ஒரு எண் கிடைக்கிறது: போன்களிலும் பிரவுசர்களிலும் தானாகத் திறக்கும் தேடுபொறியாகத் தன்னை வைத்திருக்க 2021-ல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். தேடலை நல்லதாக வைத்து ஆளைத் தக்கவைப்பது ஒரு வழி. வாசலையே விலைக்கு வாங்கிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது நடந்தபின் முதலாவதற்குச் செலவு செய்யச் சொல்லி உள்ளே வாதாடுகிறவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அந்த வாதாடுகிறவனாக நான் கொஞ்ச நாள் இருந்திருக்கிறேன், வாதாடாமல் வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறேன். நான் இருந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அப்படி ஒன்றும் பெரியதும் இல்லை. எங்கள் செயலியில் மணிப் படத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வரும். யாராவது உங்களுக்குப் பதில் எழுதியிருந்தால் மட்டுமே வரும் என்பது ஆரம்பத்திலிருந்து இருந்த விதி. ஒருநாள் ஒருவர் கேட்டார், 'உங்களுக்குப் பிடிக்கக்கூடிய பதிவு' என்று நாமே ஒன்றை எடுத்துக்கொடுத்து அதற்கும் புள்ளி வைத்தால் என்ன? சோதித்துப் பார்த்தோம். பாதிப் பேருக்குப் பழைய மாதிரி, பாதிப் பேருக்குப் புது மாதிரி, இரண்டு வாரம். செயலியைத் திறப்பவர்கள் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது, ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனால் ஏறியது. கூட்டத்தில் ஒரு டிசைனர் மட்டும், "இப்படியே போனால் புள்ளிக்கு மரியாதையே இல்லாமல் போய்விடும், அப்புறம் நிஜமாகவே பதில் வந்தால்கூட யாரும் தொட மாட்டார்கள்" என்றார். மேலாளர் திட்டவில்லை, கேலி செய்யவில்லை, நியாயமாகத்தான் கேட்டார்: "எவ்வளவு குறையும்? எண் இருக்கிறதா?" அவரிடம் எண் இல்லை. எங்களிடம் இருந்தது. புள்ளிக்குக் கீழே வரும் வாசகத்தை எழுதிக்கொடுத்தது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் கழித்து புள்ளியை யாரும் சீண்டுவதில்லை என்று தெரிந்தபோது, அதைத் திரும்பப் பழையபடி மாற்றலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. புள்ளிக்குள் ஒரு எண்ணைப் போட்டோம். அப்புறம் அதிர்வு. நோட்டிஃபிகேஷனையே அணைத்துவிட்டவர்கள் கணக்கு இருந்தது, ஆனால் அது இன்னொரு குழுவின் திரையில் இருந்தது, எங்கள் சம்பள உயர்வு அதைப் பார்த்து வருவதில்லை.

இதில் யார் வில்லன்? எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. லாபம் இரண்டு வாரத்தில் தெரியும், நஷ்டம் இரண்டு வருடத்தில் தெரியும், அளவுகோல் இரண்டு வாரத்துக்கு மட்டும்தான் நீளம். பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்களே 2022-ல் எழுதியிருக்கிறார்கள்: நோட்டிஃபிகேஷனைக் குறைத்து அனுப்பினால் முதலில் வருகை விழுகிறது, ஆனால் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தால் விழுந்தது திரும்பி வந்து, முன்பைவிடக் கூடுதலாகவே வருகிறார்கள் என்று. ஒரு வருடம் பொறுக்க எத்தனை குழுவுக்கு அனுமதி கிடைக்கும்? காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் அதெல்லாம் ஆடம்பரம்.

இன்னொன்று, எண் என்று ஒன்றை வைத்துவிட்டால் எல்லோரும் அந்த எண்ணுக்காக வேலை செய்வார்கள், அந்த எண் எதைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டதோ அதை விட்டுவிடுவார்கள். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார நிபுணர் 1975-லேயே ஏறக்குறைய இதைத்தான் சொன்னார், அவர் பேசியது வங்கி, பணக் கொள்கை பற்றி என்றாலும். ஃபேஸ்புக்கில் 2017-லிருந்து ஒரு பதிவுக்கு லைக் போட்டால் ஒரு மதிப்பெண், கோப முகம் உட்பட மற்ற முகங்களில் ஒன்றைப் போட்டால் ஐந்து மதிப்பெண் என்று கணக்கு வைத்திருந்தார்கள். மனம் ஒன்றிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம் என்ற நினைப்பு. விளைவு என்ன என்று சொல்லவே வேண்டாம், கோபமூட்டுகிற பதிவு எல்லோர் ஃபீடிலும் மேலே ஏறியது. 2020-ல் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். அதனால் ஆட்களின் பயன்பாடு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று பின்னால் வெளிவந்த உள் ஆவணங்களிலிருந்து தெரிந்தது. மூன்று வருடம் எல்லோரையும் கடுப்பேற்றியது எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. எண்ணைக் கேட்டார்கள், எண் வந்தது.

சரி, அளவுகோல் குட்டை என்றால் எல்லாத் தொழிலிலும்தான் குட்டை. மோசமானால் வாடிக்கையாளர் போய்விடுவார், முதலாளி திருந்துவார், அவ்வளவுதானே? இங்கே ஏன் அது நடப்பதில்லை?

சில இடங்களில் நடந்திருக்கிறது, அதைப் பார்த்தால்தான் மற்றது புரியும். டிக் என்று ஒரு தளம் இருந்தது, நல்ல இணைப்புகளை ஆட்கள் ஓட்டுப்போட்டு மேலே கொண்டுவரும் இடம். 2010 ஆகஸ்டில் புது வடிவம் கொண்டுவந்தார்கள். பயனர்களின் ஓட்டை ஓரங்கட்டி, பெரிய பதிப்பாளர்களின் இணைப்புகள் தானாகவே வந்து குவியும்படி செய்தார்கள். சில வாரங்களில் பயனர்கள் கூட்டம் கூட்டமாக ரெட்டிட் என்ற அதே மாதிரியான இன்னொரு தளத்துக்குப் போய்விட்டார்கள். 2012-ல் அந்தத் தளமும் பெயரும் வெறும் 5 லட்சம் டாலருக்கு விலைபோனதாகச் செய்தி. ஏன் அவ்வளவு சுலபமாகப் போக முடிந்தது? டிக்கில் யாருக்கும் அத்தை மாமா இல்லை. பத்து வருடப் புகைப்படம் இல்லை. அங்கே இருந்தது இணைப்புகள், அது எந்தத் தளத்திலும் கிடைக்கும். போகிறவன் தனியாகவே போகலாம்.

உறவினரும் நண்பரும் அலுவலகமும் பிள்ளையின் பள்ளிக் குழுவும் இருக்கிற செயலியை விட்டு அப்படிப் போக முடியாது. அதில் இருக்கிற இருநூறு பேரில் நூற்றெண்பது பேருக்கு அதன் மேல் எரிச்சல் இருக்கலாம். ஆனால் எங்கே போவது, எப்போது போவது, யார் முதலில் போவது என்று இருநூறு பேரும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொண்டால்தான் நகர முடியும். முதலில் போகிறவன் தனிமரம். ஆகவே எல்லோரும் மற்றவர்களுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த மற்றவர்களும் இவர்களுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் நாமேதான் பூட்டு. தளம் செய்ய வேண்டியது, அந்தப் பூட்டை யாரும் நெம்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

அதை அவர்கள் கவனமாகவே பார்த்துக்கொண்டார்கள். பவர் வென்ச்சர்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம், உங்கள் எல்லா சமூக வலைத்தளக் கணக்குகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று ஒரு சேவை நடத்தியது. உங்கள் கடவுச்சொல், உங்கள் அனுமதி, உங்கள் நண்பர்கள். 2008-ல் ஃபேஸ்புக் வழக்குப் போட்டது, கடைசியில் ஜெயித்தது. செய்தி அனுப்புவதிலும் இதே கதை. 2005-ல் வந்த கூகுள் டாக், எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில் ஓடியது. வேறு நிறுவனத்தின் சர்வரில் இருப்பவரோடும் பேசலாம், ஒரு மின்னஞ்சல் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மடல் போவது போல. கூட்டம் சேர்ந்தபின், 2013-ல் அதன் இடத்தில் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவை மூட ஆரம்பித்தார்கள். ஃபேஸ்புக் தன் அரட்டைக்கு 2010-ல் அதே நெறிமுறையின் வழியாக வெளிச் செயலிகளை அனுமதித்தது, 2015-ல் நிறுத்திவிட்டது. ஆள் வர வேண்டிய காலத்தில் கதவு திறந்திருக்கும், ஆள் நிறைந்தபின் சாத்திக்கொள்ளும். ஒரு தளம் எந்த வயதில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நான் இந்தக் கதவைத்தான் முதலில் பார்ப்பேன், விளம்பர எண்ணிக்கையை அல்ல.

விற்கிறவர்கள், எழுதுகிறவர்கள், வீடியோ போடுகிறவர்கள் கதையும் இதுவேதான், இன்னும் மோசமாக, ஏனென்றால் அவர்களுக்கு அது சோறு. வீடியோவுக்கு மாறுங்கள் என்று ஃபேஸ்புக் தந்த ஊக்கத்தில் எத்தனையோ செய்தி நிறுவனங்கள் எழுதுகிறவர்களைக் குறைத்து வீடியோ ஆட்களை எடுத்தன. மக்கள் சராசரியாக வீடியோ பார்க்கும் நேரத்தை இரண்டு வருடமாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மூன்று வினாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லையாம். அமேசானில் நீங்கள் ஒன்றைத் தேடினால் மேலே வருகிறவை பெரும்பாலும் காசு கட்டி வந்தவை. அந்த விளம்பர வருமானம் 2024-ல் மட்டும் 5,600 கோடி டாலருக்கு மேல். அந்தக் காசை விற்கிறவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை, பொருளின் விலையில்தான் ஏற்றுவார்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் 'இலவசம்தானே, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா' என்பார். காசு கொடுத்தவர் கதையைப் பார்க்கலாம். பிரைம் வீடியோவுக்குச் சந்தா கட்டியவர்களுக்கு 2024 ஜனவரியில் அமெரிக்காவில் விளம்பரம் போட ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்றால் அப்போது மாதம் 2.99 டாலர் மேலே கட்ட வேண்டியிருந்தது. 'அன்பு என்பது கடவுச்சொல்லைப் பகிர்வது' என்று 2017-ல் ட்வீட் போட்ட நெட்ஃபிளிக்ஸ், 2023-ல் அந்தப் பகிர்தலுக்கே கட்டணம் கேட்டது. இதைவிட ஒன்று இருக்கிறது. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிமுறைக்கு உள்ளுக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தன் வழக்கில் சொன்னது. முடிவே இல்லாமல் நீளும் டிராய் போரைப் பாடுகிற அந்தக் கிரேக்கக் காவியத்தின் பெயர்! குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 2025-ல் 250 கோடி டாலர் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள். ஆக, காசு கொடுப்பதால் மட்டும் ஒன்றும் மாறாது. காசு கொடுக்கிறவன் நினைத்த நேரத்தில் நிறுத்த முடிகிறதா என்பதுதான் விஷயம்.

நல்ல மனிதர் நடத்தினால் தப்பிக்கும் என்பதும் எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு வாதம். வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கிய ஜான் கௌமும் பிரையன் ஆக்டனும் விளம்பரத்தை மனதார வெறுத்தவர்கள். நாங்கள் ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று 2012-ல் விளக்கமே எழுதினார்கள். 'விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, ஜாலவித்தை இல்லை' என்று ஆக்டன் எழுதிக்கொடுத்த சீட்டைக் கௌம் தன் மேசையிலேயே வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு டாலர் வாங்கினார்கள், பல பேரிடம் அதுவும் இல்லை. 2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விலையைக் கொடுத்தவர் ஒரு டாலர் சந்தாவில் அதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது வாங்கிய அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். 2016-ல் அந்தச் சந்தாவையும் நிறுத்திவிட்டார்கள். ஆக்டன் 2017-ல் வெளியேறினார், கௌம் 2018-ல். 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பார்க்கும் பகுதியில் விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள். பதினோரு வருடம் தாங்கியது பெரிய விஷயம் என்றுகூடச் சொல்வேன். ஆக்டன் வெளியே வந்து 5 கோடி டாலர் போட்டு, சிக்னல் என்ற அரட்டைச் செயலிக்கு ஒரு அறக்கட்டளை அமைத்தார், இந்த முறை யாரும் விலைக்கு வாங்க முடியாத அமைப்பாக. முதல் முறை சீட்டை நம்பியவர் இரண்டாம் முறை பத்திரத்தை நம்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் 2022-க்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் மோசமான மாதிரி இருக்கிறது என்றும் சிலர் கேட்பதுண்டு. வட்டி. அமெரிக்காவில் 2008 கடைசியிலிருந்து 2015 வரையிலும், மறுபடி 2020-லிருந்து 2022 தொடக்கம் வரையிலும் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். சும்மா கிடந்த பணம், 'முதலில் வளருங்கள், லாபத்தைப் பிறகு பார்க்கலாம்' என்று காத்திருந்தது. 2023-ல் வட்டி ஐந்து சதவீதத்தைத் தாண்டியதும் அந்தப் 'பிறகு' எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிட்டது. நாம் அனுபவித்த நல்ல காலத்தில் ஒரு பகுதி உண்மையில் அடுத்தவர் பணத்தில் கிடைத்த சலுகை. ரெட்டிட் 2023-ல், தன்னைப் படிக்க மற்றவர்கள் செய்த வெளிச் செயலிகளிடம் திடீரென்று பெரும் கட்டணம் கேட்டதும், ஆயிரக்கணக்கான குழுக்கள் எதிர்ப்பாகக் கதவடைத்ததும், அப்போலோ போன்ற செயலிகள் ஜூன் 30-ஓடு மூடியதும் இந்தப் பின்னணியில்தான். அடுத்த மார்ச்சில் ரெட்டிட் பங்குச்சந்தைக்குள் நுழைந்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலானோர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். டிக்கை விட்டு ஓடி வந்தவர்கள் இந்த முறை ஓட ஒரு இடம் இல்லாமல் நின்றார்கள்.

இப்போது, நமக்குத்தான் வயதாகிவிட்டதோ என்ற அந்தச் சந்தேகம். எல்லாச் சரிவும் தளத்தின் குற்றம் இல்லை, இதை ஒத்துக்கொள்ளாமல் பேசுவது நேர்மையாக இருக்காது. பத்தாயிரம் பேர் இருந்தபோது யாரும் ஏமாற்ற வராத இடத்துக்கு, பத்துக் கோடிப் பேர் வந்ததும் மோசடிக்காரனும் வருவான், அவனைத் தடுக்கச் சோதனைகள் வரும், அந்தச் சோதனையில் நாமும் மாட்டுவோம். தேடலில் குப்பை வருவதற்குப் பாதிக் காரணம், மேலே வருவதற்கென்றே எழுதுகிறவர்கள் பெருகியது. இப்போது அதை எழுத மனிதனே வேண்டாம். அப்புறம், பழைய நாட்களில் செயலி எத்தனை முறை நின்றுபோனது, வீடியோ எத்தனை நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது என்பதையெல்லாம் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஆனால் ஒன்று, மோசடிக்காரனைச் சமாளிக்க ஆள் போட்டுச் செலவு செய்வதா இல்லையா என்ற முடிவும் அதே பயத்தைப் பொறுத்துத்தான் எடுக்கப்படுகிறது.

மோசமாகாத இடங்களும் இருக்கின்றன. விக்கிப்பீடியா 2001-லிருந்து நடக்கிறது, நன்கொடை கேட்கும் பட்டை எரிச்சல்தான், ஆனாலும் விற்பதற்குப் பங்கு என்று ஒன்று இல்லாததால் விற்கவில்லை. அதில் இருக்கிற எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய் வேறு விக்கி தொடங்கலாம் என்ற உரிமமும் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் அதைச் செய்வதில்லை, ஆனால் செய்ய முடியும் என்பது நடத்துகிறவர்களுக்குத் தெரியும். மின்னஞ்சல் ஐம்பது வருடப் பழசு, அழகில்லாதது, ஸ்பேம் நிறைந்தது, ஆனால் ஒரு நிறுவனம் கழுத்தை நெரித்தால் இன்னொன்றுக்கு மாறி, பழைய நண்பர்களுக்கே மடல் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. பெரிய அரட்டைச் செயலிகள், இணைப்புக் கேட்டு வருகிற சிறிய செயலிகளோடு பேச வழிவிட வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அபராதம், அறிவுரை, நிறுவனத்தின் வாக்குறுதி எல்லாவற்றையும்விட எனக்கு இந்த மாதிரி ஏற்பாட்டில்தான் நம்பிக்கை. தளம் நல்லதாக இருக்க வேண்டும் என்று அது கட்டளை போடவில்லை, போகிறவனைத் தடுக்காதே என்கிறது.

நீங்கள் இருக்கிற தளம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு காரியம் செய்து பாருங்கள், பத்து நிமிடம் ஆகும். அமைப்புகளுக்குள் போய், 'உங்கள் தகவலைப் பதிவிறக்கம் செய்யுங்கள்' என்று எங்கேயோ ஆழத்தில் இருக்கும், அதை அழுத்துங்கள். ஒரு பெரிய கோப்பு வரும். நீங்கள் போட்ட படங்கள், எழுதிய கருத்துகள், பத்து வருடத்துக்கு முன் யாருக்கோ சொன்ன பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் பத்திரமாக இருக்கும். அதில் நண்பர்கள் பட்டியலைத் திறங்கள். ஃபேஸ்புக்கில் நான் திறந்து பார்த்தபோது பெயர் இருந்தது, எந்தத் தேதியில் நண்பரானோம் என்பது இருந்தது. அவர்களை வேறு எங்கேயாவது கண்டுபிடிக்க ஒரு மின்னஞ்சல் முகவரியோ தொலைபேசி எண்ணோ இல்லை.